முதல் மடக்குக்கு முந்தைய மாதம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணைகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவுக் காவலாளிக்குத் தூக்கம் கிடையாது. பெண்குதிரைகள் பெரும்பாலும் நடுராத்திரியை ஒட்டித்தான் குட்டி போடும். ஆள் நடமாட்டமும் விளக்கும் இருக்கும்வரை தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, காவலாளி ஒரு காபி குடிக்கப் போன கால்மணி நேரத்தில் ஈன்று முடித்திருக்கும். அதனால் காம்பு நுனிகளில் மெழுகு சொட்டி உறைந்தாற்போல மஞ்சள் திவலைகள் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கொட்டடியைவிட்டு யாரும் நகர மாட்டார்கள்.

வைக்கோலில் குட்டி விழுந்ததும் நோட்டில் நேரம் ஏறுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு வாய்ப்பாடு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் தாயின் நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஏதாவது ஒன்று தவறினால் கால்நடை மருத்துவருக்கு போன் போகும்.

குட்டியின் குளம்புகளைக் கிட்டத்தில் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். அடியில் ரப்பர் துண்டுகளைப் போல வெளிறிய, மெத்தென்ற விரல்கள் கொத்தாகத் தொங்கும். பதினோரு மாதம் உள்ளே உதைத்தபடி கிடந்த குளம்பு தாயின் கருப்பையைக் கிழித்துவிடாமல் இருக்க இந்த உறை. நாலு அடி நடந்ததும் தேய்ந்து உதிர்ந்துவிடும். எழுந்து நின்ற குட்டி மடியைத் தேடுகிறது. முதலில் சுவரை முட்டும். பிறகு தாயின் முன்னங்கால் இடுக்கை நக்கும். காவலாளியின் சட்டைப் பொத்தானைச் சப்பிப் பார்க்கும். கடைசியில் பின்னங்கால்களுக்கு நடுவே தலையை விட்டு, காம்பைக் கவ்வி, முதல் மடக்கை விழுங்குகிறது. அந்த மடக்கில் இருப்பது பால் அல்ல, தேன்போலப் பிசுபிசுக்கும் சீம்பால். அது உள்ளே போகும்வரை குட்டியின் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

மனிதக் குழந்தை இப்படி வெறுங்கையோடு பிறப்பதில்லை. மனிதத் தாயின் ரத்தம் நஞ்சுக்கொடியின் திசுவை நேராகவே நனைக்கிறது, ஐ.ஜி.ஜி. எனப்படும் ஆன்டிபாடியைப் பிடித்து அந்தப் பக்கம் கடத்திவிட அங்கே தனி ஏற்பாடே இருக்கிறது. குதிரையின் கொடியில் தாய் ரத்தத்துக்கும் குட்டி ரத்தத்துக்கும் இடையே ஆறு அடுக்குத் திசு. உணவு கடக்கும், ஆக்சிஜன் கடக்கும். ஆன்டிபாடி போன்ற பெரிய புரதம் கடக்காது. பசு, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்குப் போடும் டி.டி. ஊசியின் பலன் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. சினைக்குதிரைக்குப் போடும் அதே ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியின் பலன் மடியில்தான் காத்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆன்டிபாடி தயாரிப்பதில் குதிரை கெட்டிக்காரப் பிராணி. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கும் பாம்பு விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் ஊறும் ஆன்டிபாடியைப் பிரித்துத்தான் நம் அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு ஊசியாகப் போடுகிறார்கள். வயல் வரப்பில் கட்டுவிரியன் தீண்டியவரைக் காப்பாற்றுகிற ரத்தத்தால், தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் குட்டிக்கு ஒரு துளி எதிர்ப்பையும் கொடுத்தனுப்ப முடியவில்லை.

தாய்ப்பால் வழியே எதிர்ப்புச் சக்தி போகிறது என்பதை முதலில் சோதித்துக் காட்டியவர் ஜெர்மனியின் பால் எர்லிக். ஆண்டு 1892. அவர் எடுத்துக்கொண்ட நஞ்சுகள் இரண்டும் நமக்கு அந்நியமில்லை: ஒன்று ஆமணக்கு விதையிலிருந்து எடுத்தது, மற்றொன்று குன்றிமணியிலிருந்து. பெண் சுண்டெலிகளுக்கு இந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினார். அவற்றின் குட்டிகள் நஞ்சைத் தாங்கின. தகப்பன் எலியைப் பழக்கினால் குட்டிகளுக்கு ஒரு பலனும் இல்லை. பிறகு குட்டிகளை இடம் மாற்றினார். பழக்கப்படாத தாய் ஈன்ற குட்டிகளை, பழகிய தாயிடம் பால் குடிக்கவிட்டார், அவையும் தாங்கின. அப்படியானால் அது பரம்பரையாக வந்த குணம் இல்லை, ஊட்டியதால் வந்தது. சோதனையின் எளிமைக்காகவே இதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

முப்பது ஆண்டு கழித்து, 1922இல், தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இரு அமெரிக்கர்கள் கன்றுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீம்பால் கிடைத்தது. மற்றதற்கு வெறும் பால். வெறும் பால் குடித்த கன்றுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்துப்போயின. மாடு கன்று போட்ட வீட்டில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துச் சீம்பால் கிண்டித் தின்கிறவர்கள், கன்று வயிறாரக் குடித்த மிச்சமா அது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

குதிரையின் மடிக்குள் இந்தச் சேகரிப்பு நடப்பது சினையின் கடைசி இரண்டு முதல் நான்கு வாரங்களில். மொத்தச் சினைக்காலம் சுமார் 340 நாள். அதில் முந்நூறு நாளுக்கு மேல் மடி சும்மாதான் கிடக்கிறது. கடைசியில், ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடிகளை மடி பொறுக்கிப் பொறுக்கித் தனக்குள் அடைக்கிறது. சீம்பால் ஒருமுறைதான் சுரக்கும். குட்டி குடிக்கத் தொடங்கிய ஒரு நாளுக்குள் அது சாதாரணப் பாலாக மாறிவிடும்.

அந்தப் பக்கம் குட்டியின் குடலும் நேரம் பார்த்துத்தான் வேலை செய்கிறது. பிறந்த குட்டியின் சிறுகுடல் செல்கள் பெரிய புரதங்களை முழுசாக விழுங்கி ரத்தத்துக்குள் விடக்கூடியவை. முதல் ஆறேழு மணி நேரம் இந்த உறிஞ்சல் மும்முரமாக இருக்கும், பிறகு தளரும், 24 மணி நேரத்தில் அந்தச் செல்கள் உதிர்ந்து, புதியவை முளைத்து, வாசல் மூடிவிடும். அதற்குப் பிறகு எத்தனை லிட்டர் சீம்பால் புகட்டினாலும் அது வயிற்றுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள குட்டிக்கு இந்த அவகாசத்துக்குள் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் நல்ல சீம்பால் போய்ச் சேர வேண்டும்.

ஆக, குட்டிக்கு நோய் எதிர்ப்பு வேண்டுமென்றால் கைவைக்க வேண்டிய இடம் தாய். மடி எதை அடைக்கும்? தாயின் ரத்தத்தில் அந்த நேரத்தில் எது ஓடுகிறதோ அதை. ஆகவே ரணஜன்னி, மூளைக்காய்ச்சல் வகைகள், இன்ஃப்ளூயன்சா போன்றவற்றுக்கான ஊக்க ஊசிகளை ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் போடுகிறார்கள். ஊசி போட்டு, தாயின் உடல் சுதாரித்து, ஆன்டிபாடி உச்சிக்குப் போகிற நேரமும் மடி சேகரிக்கத் தொடங்குகிற நேரமும் ஒன்றாக வரவேண்டும். மூன்று மாதம் முன்னால் போட்டால் உச்சி கடந்துவிடும். ஒரு வாரம் முன்னால் போட்டால் எட்டியே இருக்காது.

சில நோய்களுக்கு ஒரே ஊசி போதாது. கென்டக்கி மண்ணில் பி வகை பாட்டுலிசக் கிருமியின் விதைத்துகள்கள் நிறைய. மேய்ச்சல் மண்ணை நக்கும் குட்டியின் குடலில் அது முளைத்து நஞ்சைக் கக்கும். குட்டி நிற்கும்போதே தசைகள் நடுங்கும், கால் மடங்கி விழும், விழுங்க முடியாமல் வாயோரம் பால் வழியும். ‘ஷேக்கர் ஃபோல்’, அதாவது நடுங்குக் குட்டி, என்றே அந்த வட்டாரத்தில் இதற்குப் பெயர். தாய்க்குச் சினையின் எட்டு, ஒன்பது, பத்தாம் மாதங்களில் மூன்று தவணை ஊசி போடுவதுதான் தடுப்பு. பிறந்த குட்டிகளைக் கழிச்சலில் தள்ளும் ஏ வகை ரோட்டா வைரஸுக்கும் இதே மூன்று மாதங்கள்தான். குதிரை ஹெர்பிஸ் வைரஸுக்கு மட்டும் ஐந்து, ஏழு, ஒன்பதாம் மாதங்கள். அந்த வைரஸ் குட்டி பிறக்கும்வரைகூடக் காத்திராமல் கருவையே கலைத்துவிடும் என்பதால் இந்த முன்கூட்டிய கணக்கு. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம், நம் நாட்டில் பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டே இதற்கு ஒரு தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது.

ஊசி இல்லாத ஒரு பழைய உத்தியும் நடைமுறையில் இருக்கிறது. பிரசவத்துக்காக வேறு பண்ணைக்குக் கொண்டுபோவதானால் நான்கைந்து வாரம் முன்பே கொண்டுபோய்விட வேண்டும். அந்த மண்ணின், அந்தக் கொட்டடியின் கிருமிகள் தாய்க்குப் பரிச்சயமாகட்டும். அதற்கான ஆன்டிபாடியும் மடியில் சேரட்டும் என்பதுதான் காரணம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஏழாம் மாதமே தாய்வீட்டுக்கு அழைத்துவருகிற நமக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது, காரணம் வேறாக இருந்தாலும்.

ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டும் மடியே வற்றிக்கிடந்தால்? இந்தச் சிக்கலுக்குப் பின்னால் ஒரு புல் இருக்கிறது. 1931இல் கென்டக்கியின் ஒரு மலைச்சரிவில், கடுங்குளிரிலும் பச்சையாக நின்ற ஒரு ஃபெஸ்க்யூ புல் வேளாண் பேராசிரியர் ஒருவரின் கண்ணில் பட்டது. ‘கென்டக்கி 31’ என்ற பெயரில் 1940களில் அதை வெளியிட்டார்கள். வறட்சியும் பூச்சியும் தாங்கும் புல் என்று விவசாயிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தத் தாங்கும் சக்தி புல்லுக்குச் சொந்தமானது இல்லை, அதன் தண்டுக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை கொடுத்தது என்பது தெரியவந்தபோது பல லட்சம் ஏக்கரில் அது பரவிவிட்டிருந்தது. பூஞ்சை சுரக்கும் எர்கோவலின் என்ற பொருள், மூளையில் டோபமைன் செய்கிற வேலையைச் செய்து, பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கிவிடும். இதை மேய்ந்த சினைக்குதிரைக்கு நாள் தள்ளிப்போகும், நஞ்சுக்கொடி தடிக்கும், மடி சுருங்கியே இருக்கும். உயிரோடு பிறந்த குட்டிக்கும் சீம்பால் கிடையாது.

தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதற்குக் கண்டுபிடித்த மருந்தின் பெயரைக் கேட்டால் தமிழ் வாசகர்கள் சிரிப்பார்கள்: டோம்பெரிடோன். பேருந்துப் பயணத்தில் வாந்தி வந்தால் நாம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அதே சரக்கு. டோபமைன் உட்காரும் இடத்தை அது முன்கூட்டியே அடைத்துக்கொள்வதால் எர்கோவலினுக்கு இடமில்லாமல் போகிறது, புரோலாக்டின் ஏறுகிறது, மடி இறங்குகிறது. ஈனும் தேதிக்குச் சுமார் பத்துப் பதினைந்து நாள் முன்பிருந்து தினமும் வாய்வழியாகப் புகட்டுகிறார்கள். அமெரிக்க அரசு 2010இல் குதிரைகளுக்கென்று இதன் பசை வடிவத்துக்கு அனுமதி கொடுத்தது. இருந்தாலும் கடைசி மாதத்திலாவது அந்த மேய்ச்சலைவிட்டு வெளியே கொண்டுவந்து நல்ல வைக்கோல் போடுவதே மலிவான வைத்தியம். வைட்டமின் ஈ, செலினியம் என்று தீவனத்தில் சேர்த்துச் சீம்பாலின் தரத்தை ஏற்றப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. சிலவற்றில் பலன் தெரிந்தது. ஊசிக்கு மாற்றாக எதுவும் வளரவில்லை.

சீம்பால் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு துளி விஷயம். ஒயின் தயாரிப்பவர்கள் திராட்சைச் சாற்றின் சர்க்கரையை அளக்க வைத்திருக்கும் பிரிக்ஸ் மானியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். அளவு 23க்கு மேல் போனால் திருப்தி. குட்டி பிறந்த மறுநாள் அதன் ரத்தத்தையும் சோதிக்கிறார்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் ஐ.ஜி.ஜி. இருந்தால் தாயிடமிருந்து வரவேண்டியது வந்துவிட்டது. 400க்குக் கீழே என்றால் தவறிவிட்டது. நூறு குட்டிகளில் மூன்று முதல் இருபது வரை இப்படித் தவறுவதாகப் பல பண்ணை ஆய்வுகள் சொல்கின்றன. குட்டி எழ முடியாமல் கிடந்திருக்கலாம். பிரசவத்துக்கு முன்பே மடியிலிருந்து பால் ஒழுகிச் சீம்பால் தரையில் வீணாகியிருக்கலாம். நேரம் இருந்தால் உறைபெட்டியைத் திறப்பார்கள். சுரப்பு மிகுந்த தாய்களிடம், அவற்றின் குட்டி குடித்த பிறகு, கால் லிட்டர் அளவு கறந்து உறையவைத்த சேமிப்பு அதில் இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் புரதம் திரிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுத்தான் உருக்க வேண்டும். நேரம் கடந்திருந்தால் வேறு குதிரையின் பிளாஸ்மாவை நரம்பு வழியே ஏற்றுவதுதான் வழி.

எல்லாச் சீம்பாலும் அமுதம் இல்லை. சில தாய்களின் ரத்த வகை குட்டியின் வகையோடு ஒத்துப்போகாது. முந்தைய பிரசவத்தில் கலந்த ரத்தத்தால் உஷாரான தாய், அடுத்த குட்டியின் சிவப்பணுக்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்து மடியில் சேர்த்துவைத்திருக்கும். மனிதர்களில் ஆர்.எச். பிரச்சினையைப் போன்றது இது. அங்கே குழந்தை கருப்பையிலேயே பாதிக்கப்படும், இங்கே ஆறு அடுக்குத் திசு காப்பதால் குட்டி ஆரோக்கியமாகவே பிறந்து, ஆசையாகக் குடித்து, ஓரிரு நாளில் வெளிறி, ஈறெல்லாம் மஞ்சள் பூத்துச் சரியும். கழுதைக்கும் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக் குட்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சந்தேகமிருந்தால் குட்டியின் ரத்தச் சொட்டைத் தாயின் சீம்பாலில் கலந்து, சோதனைக் குழாயில் திரிதிரியாகச் சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். சேர்ந்தால் குட்டிக்கு வாய்க்கூடு மாட்டிவிடுவார்கள். இரண்டு நாள்வரை அது வேறொரு குதிரையின் சீம்பாலைப் புட்டியில் குடித்துக்கொண்டு, தாயின் மடியைக் கூட்டின் வழியே முட்டிக்கொண்டே நிற்கும்.

தாய் கொடுத்த ஆன்டிபாடி நிரந்தரமும் இல்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். சரி, குட்டிக்கே ஊசி போட்டுவிடலாமே என்றால், மிச்சமிருக்கும் தாயின் ஆன்டிபாடி தடுப்பூசியையே கிருமி என்று நினைத்து அடித்துப்போட்டுவிடும். குட்டியின் உடல் எதையும் கற்றுக்கொள்ளாது. அதனால் ஊசி போட்ட தாயின் குட்டிகளுக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதம் ஆன பிறகே முதல் தடுப்பூசி. நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் ரோடோகாக்கஸ் எக்வி என்ற பாக்டீரியா குட்டிகளின் நுரையீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. ஸ்வீடனில் 1923இல் அடையாளம் கண்ட கிருமி. பல பத்தாண்டு முயன்றும் அதற்கான தடுப்பூசி கைகூடவில்லை.

2018இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஒரு சோதனை வேறு வழியில் போனது. பல கிருமிகளின் மேற்பரப்பில் பொதுவாகக் காணப்படும் ஒரு சர்க்கரைப் பொருளைக் கொண்டு ஊசி செய்து, ஈனும் தேதிக்கு ஆறு வாரமும் மூன்று வாரமும் இருக்கும்போது தாய்களுக்குப் போட்டார்கள். குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆகும் தறுவாயில் நுரையீரலுக்குள்ளேயே கிருமியை விட்டார்கள். ஊசி போட்ட தாய்களின் 12 குட்டிகளில் 11 தப்பின. போடாத தாய்களின் ஏழு குட்டிகளில் ஆறுக்கு நிமோனியா வந்தது. சின்ன எண்ணிக்கைதான். பண்ணையில் பல நூறு குட்டிகளிடம் இது எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி.

பண்ணை எப்போதும் ஆய்வுக்கூடத்தைவிட ஒரு படி முன்னால் நிற்கும் என்பதை 2021 பிப்ரவரியில் கென்டக்கி பார்த்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகள் பண்ணை பண்ணையாகத் தண்ணீராகவும் ரத்தமாகவும் கழியத் தொடங்கின. ஏ வகை ரோட்டா வைரஸ்தான் என்று சோதித்தால், இல்லை. அங்கே வழக்கமாகப் பார்க்கும் வேறு கிருமிகளும் இல்லை. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் குளுக் குதிரை ஆராய்ச்சி மையத்தினர் சாண மாதிரிகளில் இருந்த மரபுப்பொருள் முழுவதையும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, குதிரையில் அதுவரை கண்டிராத பி வகை ரோட்டா வைரஸ் கிடைத்தது. அதன் 11 மரபுத் துண்டுகளின் புரதங்களும் ஆடுமாடு போன்ற அசைபோடும் விலங்குகளில் முன்பு கண்ட வைரஸோடு 96 சதவீதத்துக்கும் மேல் ஒத்திருந்தன. தாய்களுக்கு எட்டு, ஒன்பது, பத்தாம் மாதங்களில் போட்ட ரோட்டா ஊசி ஏ வகைக்கானது. அந்த ஆன்டிபாடிக்கு இந்தப் புதிய ஆளின் முகம் தெரியாது.

ஊசி கைகொடுக்காத இடத்தில் என்ன செய்வது? குட்டி விழுந்து, எழ முயன்றுகொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் காவலாளி ஒரு வாளி வெந்நீரும் சோப்பும் கொண்டுவருகிறார். தாயின் மடியை, தொடையிடுக்கை, பின்னங்கால்களைக் குளம்புவரை தேய்த்துக் கழுவித் துணியால் துடைக்கிறார். மடியைத் தேடி வரும் குட்டி வழியில் எதையெல்லாம் நக்குமோ, அங்கெல்லாம்.